ரெஜினா மேடம் கோடு போடாமல் விட்ட மூன்று வரிகள்

ரெஜினா மேடம் இறந்துபோன செய்தி எனக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில், செருப்பு மாற்றிக்கொள்ளும் இடத்தில் கிடைத்தது. காலையிலிருந்து உள்ளே இருந்ததால் போன் அலமாரியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகி எழுதியிருந்தார். நமது ஆவணப் பிரிவில் பணியாற்றிய திருமதி ரெஜினா மேரி இன்று காலை மாரடைப்பால் காலமானார், நமது தரத்தின் தூண் சாய்ந்துவிட்டது என்று. அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அடையாள அட்டையில் இருக்கும் அதே படம்தான். பெரிதாக்கியதில் முகம் கலங்கிப் போயிருந்தது. சுற்றிலும் வெள்ளை ரோஜா. 'தொற்றில்லா மருத்துவமனை என்ற எங்கள் கனவின் காவலர்' என்று கன்னடத்தில் கொட்டை எழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வேலையிலிருந்து அவரைப் பிடுங்கி எறிந்தார்களோ, அதே வேலையைச் சொல்லி இப்போது மாலை போடுகிறார்கள். கொஞ்சமாவது வாய் கூச வேண்டாமா என்று கேட்டிலிருந்த செக்யூரிட்டியிடம் கேட்டேன். அவர் பாவம், இரண்டு மாதம் முன்பு வேலைக்கு வந்தவர். ஏன் மேடம், எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்.

இதை எழுதச் சொன்னவர் ரெஜினா மேடத்தின் தம்பி. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, எங்கள் சர்ச்சின் பங்கு மடலில் போட அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் சிஸ்டர், நீங்கள்தானே அவரோடு அதிகக் காலம் இருந்தவர் என்றார். எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நல்ல வார்த்தைகள் இருக்கும். ஆனால் படிக்கிறவர்கள் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டே படிக்க முடியாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பாக்கியம். ஹனூர்ப் பக்கத்துக்காரி. மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டர் பொறுப்பு நர்ஸ். ரெஜினா மேடம் அதே மருத்துவமனையில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தார். பிறந்தது, வளர்ந்தது, கடைசியில் புதைக்கப்பட்டது எல்லாம் இந்த ஊரில்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், வேலையில் ஆங்கிலம். மூன்றையும் கலந்துதான் பேசுவார். எதைச் சொல்லி முடித்தாலும் கடைசியில் 'அஷ்டே' என்பார். அவ்வளவுதான் என்பதற்குக் கன்னடச் சொல். அவர் அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, பஞ்சாயத்துக்கு இடமில்லை என்று அர்த்தம்.

அவருடைய வேலை காற்றைப் பரிசோதிப்பது. பலருக்கும் இது புரிவதில்லை. தரையைத் துடைத்தோமா, கருவிகளை வேகவைத்தோமா என்று கேட்பார்கள். அறைக்குள் மிதந்துகொண்டிருக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கிருமிகள் வளர்வதற்கு வேண்டிய சத்தைக் கூழாக்கி, உள்ளங்கை அகல வட்டத் தட்டில் ஊற்றி உறையவைத்திருப்பார்கள். அதைத் தியேட்டருக்குள் சுவரிலிருந்து தள்ளி, மேஜை உயரத்தில் வைத்து, மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். காற்றில் இருப்பது தானாக அதன்மேல் வந்து இறங்கும். பிறகு மூடிச் சூட்டுப்பெட்டியில் வைத்தால், இறங்கிய ஒவ்வொன்றும் புள்ளி புள்ளியாக முளைக்கும். பாக்டீரியாவுக்கு இரண்டு நாள், பூஞ்சைக்கு ஐந்து நாள். காற்றை இழுத்துப் பிடிக்கும் கருவியும் உண்டு. வருடா வருடம் எழுதிக் கேட்டார். வரவேற்பறைக்கு மீன் தொட்டி வந்தது, கருவி வரவில்லை.

நான் தியேட்டர் பொறுப்புக்கு வந்த முதல் வாரம் அவரோடு சண்டை போட்டேன். ஒரு அம்மா முழு உடையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு தியேட்டரின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யார் நீங்கள், இங்கே என்ன வேலை என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். என் தியேட்டரில் என்னையே வாயை மூடச் சொல்கிறாரே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரம் முடிந்ததும் எழுந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக மூடி, டேப் ஒட்டி, வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். உள்ள பேசினா என் வாய்ல இருக்கறதும் தட்டுல விழும். அப்புறம் உங்க தியேட்டர் மேல பழி வரும். அஷ்டே."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவர் கொண்டுவரும் மாங்காய்த் தொக்குக்காகவே நான் வேலைக்கு வருகிறேன் என்று என்னைக் கிண்டல் செய்வார். தட்டில் என்ன முளைத்தாலும் அதை உள்ளபடி எழுதுவார். ஒரு முறை பெரிய டாக்டர் ஒருவர், கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, தட்டுக்கு நேராகத் தும்மினார். தட்டு மறுநாள் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. ரெஜினா மேடம் பதிவேட்டில் டாக்டர் பெயரையும், தும்மிய நேரத்தையும் எழுதிவைத்தார். டாக்டர் வந்து குதித்தார். தும்மல் இயற்கை சார், ஒத்துக்கொள்கிறேன், கவசம் மூக்குக்குக் கீழே போனது இயற்கை இல்லையே என்றார் இவர். அந்த டாக்டர் பிறகு இவரைக் கண்டாலே கவசத்தை மேலே இழுத்துக்கொள்வார்.

பதிவேட்டில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலி இடம் விடமாட்டார். ஒரு வரியில் பாதி எழுதினால், மீதிப் பாதியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்துவிடுவார். பக்கத்தின் அடியில் இரண்டு வரி மிச்சமிருந்தால் அதற்கும் குறுக்கே கோடு. இதென்ன பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்று கேட்டதற்கு, "எடம் விட்டா யாராவது பின்னாடி வந்து பொய்ய எழுதிடுவாங்க சிஸ்டர்" என்றார். அந்தப் பதிவேட்டை விரித்தால் பக்கத்துக்குப் பக்கம் கோடாகத்தான் இருக்கும். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி எழுதப்போவது எட்டு வருடத்துக்கு முந்தைய தசராவில் நடந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் பஸ்ஸுக்கும் லேத்துக்கும் பூஜை போடுவதுபோல, தியேட்டரிலும் போடுவோம். தேவராஜ மார்க்கெட்டிலிருந்து கூடை கூடையாகச் செவ்வந்தி வரும். மயக்க மருந்து இயந்திரத்துக்கு மாலை, விளக்குக்குக் குங்குமம், கதவில் வாழைக்கன்று, வாசலில் பூசணிக்காய் உடைப்பு. பூ வாங்க என்னோடு ஆட்டோவில் வருபவர் ரெஜினா மேடம்தான். பேரம் பேசுவதில் என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரர். பூஜையைத் தியேட்டர் கதவுக்கு வெளியோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று மட்டும் சொல்வார். அந்த வருடம் அவர் பேச்சைக் கேட்டோம். பூ, வாழை, பூசணி எல்லாம் கதவுப் பக்கத்தோடு சரி.

விஜயதசமிக்கு மறுநாள் இரண்டாம் தியேட்டரில் தட்டு வைத்தார். கதவருகே ஒன்று, மேஜையருகே ஒன்று, மூலையில் ஒன்று, ஏசி காற்று இறங்கும் இடத்துக்கு நேர்கீழே ஒன்று. ஐந்தாம் நாள் அவர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். கதவுத் தட்டில் ஏதோ இரண்டொரு புள்ளி. ஏசிக்குக் கீழே வைத்த தட்டு கருகிப்போன தோசைபோல் இருந்தது. கருப்பும் சாம்பல் பச்சையுமாகப் பூஞ்சை, தட்டே தெரியாமல்.

இருவரும் நிர்வாகியிடம் போனோம். அவர் தட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பூஜைக்குப் பூ வைத்தால் பூஞ்சை வராமல் என்ன வரும் என்றார். பிறகு ரெஜினா மேடத்தைப் பார்த்து, உங்கள் ஆட்களுக்கு எங்கள் பூஜை என்றாலே ஆகாது, அதனால்தான் பூஜை முடிந்ததும் முதல் வேலையாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்றார். எனக்குக் காது கூசியது. பூ வாங்க மார்க்கெட்டில் என்னோடு அலைந்தவர் அவர். ஆனால் ரெஜினா மேடம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பூவுக்காக வக்கீல் மாதிரி வாதாடினார்.

"பூ மேல பழி போடாதீங்க சார். பூ இருந்தது கதவு கிட்ட. அங்க வெச்ச தட்டு சுத்தமா இருக்கு. கூரைக்கு மேல தண்ணி ஒழுகுது. ஏசி குழாயப் பிரிச்சுப் பாருங்க."

பூவின் மேல் பழி போடுவதில் நிர்வாகிக்கு ஒரு வசதி இருந்தது. பூவைக் குப்பையில் போட்டு, மருந்துப் புகை அடித்தால் விஷயம் முடிந்தது. கூரையைப் பிரித்தால் தியேட்டரை மூன்று வாரம் மூட வேண்டும். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் கண்புரை முகாம். கொள்ளேகால், ஹனூர்ப் பக்கக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வருவதாகப் பேசி முடித்து, நோட்டீஸ் அடித்து, மந்திரியைக் கூப்பிட்டாகிவிட்டது. அதனால் புகை அடித்தார்கள். புகை அடித்த கையோடு காலி அறையில் தட்டு வைத்துவிடலாம் என்றார் நிர்வாகி. ரெஜினா மேடம் மறுத்துவிட்டார். மருந்துப் புகைக்குள் தட்டு வைத்தால் கல்யாணச் சத்திரம்கூடச் சுத்தமாகத்தான் தெரியும், ஆட்கள் உள்ளே நின்று வேலை நடக்கும்போதுதான் வைப்பேன் என்றார்.

சரி, வையுங்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட விதம் இருக்கிறதே! தட்டு வைக்க வேண்டிய அதே நேரத்தில் அவரை ஏதோ கூட்டம் என்று மூன்றாவது மாடிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் நாலு தட்டையும் என் கையில் கொடுத்தார். நீங்கள் வைத்தால் என்ன, நான் வைத்தால் என்ன, ஒரு மணி நேரம் திறந்திருக்க வேண்டும் சிஸ்டர், அஷ்டே என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வைத்தேன். மூடிகளைத் திறந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். தியேட்டர் போன் அடித்தது. நிர்வாகி. முகாம் நடக்க வேண்டும் சிஸ்டர், உங்கள் ஊர் ஜனங்கள்தானே வருகிறார்கள், அவர்களுக்குக் கண் தெரிய வேண்டாமா, போதும், மூடிவிடுங்கள் என்றார். பிறகு என் பொறுப்புப் பதவி நிரந்தரமாகும் காகிதம் அவர் மேஜையில் இருப்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

நான் மூடினேன்.

நாலு தட்டையும் மூடினேன். டேப் ஒட்டினேன். சீட்டில் 'ஒரு மணி நேரம்' என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரு போன், அதில் இனிப்பாக இரண்டு வார்த்தை. அதற்கே விழுந்துவிட்டேன். இத்தனை நேரம் நிர்வாகியைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அந்தத் திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

ஐந்தாம் நாள் ரெஜினா மேடம் தட்டுகளை என் மேஜையில் வரிசையாக வைத்தார். நாலும் கண்ணாடிபோல் பளபளவென்று இருந்தன. ஒரு புள்ளி இல்லை. நான் சந்தோஷப்படுவதுபோல் ஏதோ சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஆறேழு பேர் நடமாடற ரூம் சிஸ்டர். நம்ம தோல்ல இருந்து உதிர்றதே எவ்வளவோ விழும். சுத்தமான தியேட்டர்லயும் ரெண்டு புள்ளி வரும். ஒண்ணுமே வரலன்னா தட்டு திறந்தே இல்லன்னுதான் அர்த்தம். ஒரு மணி நேரம் திறந்திருந்ததா?"

திறந்திருந்தது என்றேன். அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன். பொய் சொல்லக் கூடாது என்று நினைப்பவளும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறாள் பாருங்கள். அவர் 'சரி சிஸ்டர்' என்று மட்டும் சொன்னார். அஷ்டே சொல்லவில்லை.

பதிவேட்டில் நாலு தட்டிலும் பூஜ்யம் என்று எழுதி, பக்கத்திலேயே 'இந்த முடிவை நம்ப முடியாது, மறுபடி வைக்க வேண்டும்' என்றும் எழுதினார். டெக்னீஷியன் கையெழுத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டார். கையெழுத்துப் போடு என்று மிரட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. பொறுப்பு நர்ஸ் கட்டத்தில் நான் அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதை வைத்துத் தியேட்டரைத் திறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவரைக் கீழ்த்தளத்தில் உள்ள ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். இருபது வருடம் கிருமி பார்த்த கண்ணுக்குப் பழைய ஃபைல்களை அடுக்கும் வேலை. ஜன்னல்கூட இல்லாத அறை. வேலையை விட்டுவிடுங்கள், உங்களுக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் எத்தனை கம்பெனி ஆய்வகம் கூப்பிடும் என்று பலரும் சொன்னார்கள். நான் போனால் இவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள், நான் எதற்குப் போக வேண்டும் என்றாராம்.

முகாம் நடந்தது. மந்திரி ரிப்பன் வெட்டினார். எங்கள் ஊரிலிருந்து வந்தவர்களில் மாதப்பன் அண்ணனும் ஒருவர். எங்கள் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது. மக்காச்சோளம் போடுபவர். ஆபரேஷன் என்றால் பயந்து ஒளிந்தவரை, நான் இருக்கிறேன் வாருங்கள் அண்ணா என்று போனில் சொல்லி நான்தான் வரவழைத்தேன். இரண்டாம் தியேட்டரில் அவருக்கு வலது கண்ணில் செய்தார்கள். ஊருக்குப் போய்ச் சில நாளிலேயே கண் சிவந்து, சீழ் கட்டி, தலை வெடிக்கும் வலியோடு திரும்பி வந்தார். பூஞ்சை. மருந்து எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

அவர் வார்டில் கிடந்த நாட்களில் ரெஜினா மேடம் தினமும் மதியம் கீழ்த்தளத்திலிருந்து ஏறிவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாட்டிக்கொண்டேன். மாதப்பன் அண்ணன் கட்டுப் போட்ட முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"உங்கள நம்பித்தான் வந்தனுங் அம்மிணி. அதுக்குன்னு உங்க மேல குத்தஞ் சொல்ல மாட்டனுங். என் தலையெழுத்து இப்படி."

ரெஜினா மேடம் பக்கத்தில்தான் இருந்தார். தண்ணீர் டம்ளரை அவர் கையில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு 'மராமத்துப் பணி' என்று போர்டு மாட்டி இரண்டாம் தியேட்டரை மூடினார்கள். கூரையைப் பிரித்தபோது நான் பார்த்தேன். ஏசி குழாயைச் சுற்றிய பஞ்சு முழுக்கத் தண்ணீர் ஊறி, கருப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ரெஜினா மேடம் சொன்ன இடத்தில், சொன்னபடி. யாரும் கீழே போய் அவரிடம் நீங்கள் சொன்னது சரி என்று சொல்லவில்லை. மாதப்பன் அண்ணனிடம் உங்கள் தலையெழுத்தில் தப்பில்லை, எங்கள் கூரையில்தான் தப்பு என்று சொல்லவும் ஆளில்லை. ஒரு கறுப்புக் கண்ணாடியும் ஒரு பழக்கூடையும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். எனக்குப் பதவி நிரந்தரமானது.

அடுத்த வருடம் பழைய பதிவேடுகள் ஆவணப் பிரிவுக்குப் போயின. ஒருநாள் மதியம் கேண்டீனில் ரெஜினா மேடம் என் எதிரே வந்து உட்கார்ந்தார். தொக்கை என் பக்கம் நகர்த்தினார். "அந்த ரெஜிஸ்டர் இப்ப எங்கிட்டதான் இருக்கு சிஸ்டர். பத்திரமா வெச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் வாங்க" என்றார்.

மிரட்டுகிறார் என்று நினைத்தேன். என் குடுமி தன் கையில் இருப்பதாகக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவரைத் தவிர்த்தேன். சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன். லிஃப்ட்டில் அவர் இருந்தால் படிக்கட்டில் ஏறினேன். தப்புச் செய்தவள் நான், அவர்மேல் கோபப்பட்டவளும் நான். ஏழு வருடம், ஒரே கட்டடத்துக்குள். ஆயுத பூஜைக்கு நான் தனியாகப் போய், சொன்ன விலைக்குப் பூ வாங்கி வந்தேன்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்திதான் வந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மருத்துவமனைக் கருத்தரங்க அறையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நிர்வாகி பேசினார். தரத்தில் சமரசம் செய்துகொள்ளாதவர் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நேராகக் கீழ்த்தளம் போனேன். அவருடைய மேஜை அப்படியே இருந்தது. ஸ்கேல், கண்ணாடிக்கூடு, பாதி தொக்கு இருந்த சின்ன டப்பா. இழுப்பறையைத் திறந்தேன். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பதிவேடு, மேலே சிவப்பு மையில் 'அழிக்கக் கூடாது'. ஒளித்துவைத்துவிடலாம் என்ற நினைப்பில்தான் போனேன். மறைப்பானேன்? கிழித்து எறிந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

பக்கத்தைப் புரட்டினேன். நாலு பூஜ்யம். நம்ப முடியாது என்ற அவர் குறிப்பு. காலிக் கட்டம். என் கையெழுத்து. அதற்குக் கீழே மூன்று வரிகள் வெறுமையாக இருந்தன. முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். பதிவேடு முழுக்க எங்கும் காலி இடமே இல்லை, எல்லாவற்றிலும் கோடு. இந்த மூன்று வரியில் மட்டும் கோடு இல்லை. கீழே, நாலாவது வரியிலிருந்துதான் அவருடைய கோடு தொடங்கியது.

அவர் மறந்தும் இடம் விடுகிற ஆளில்லை. அது எனக்காக விட்ட இடம். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று தொக்கை நகர்த்திக்கொண்டே சொன்னது இதற்காகத்தான். எட்டு வருடம் என்னைக் காட்டிக் கொடுக்காமல், நானாக வருவேன் என்று இடம் பிடித்து வைத்திருக்கிறார். நான் படிக்கட்டில் ஏறி ஓடிக்கொண்டிருந்தேன். அங்கே கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர்மேலும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நேராகவே கேட்டிருக்கக் கூடாதா மேடம்? என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கக் கூடாதா?

அன்று நான் எழுதவில்லை. எழுதுவதற்கு முன் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஹனூருக்குப் பஸ் ஏறினேன். மாதப்பன் அண்ணன் களத்தில் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிடத்தில் மூடியதை, போனை, கையெழுத்தை. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. முகத்தையும் என் பக்கம் திருப்பவில்லை. இன்னொரு கதிரைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மாவுக்கு இது தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன்.

"அதான் தெனமும் வந்து உக்காந்திருந்தாங்களாட்டம் இருக்குது." ஒரு கதிரை உரித்து முடித்துக் கூடையில் போட்டார். "எழுதுங்க அம்மிணி. எம் பேரையும் சேத்தி எழுதுங்க. ஆசுபத்திரிக் காயிதத்துல எங்கயும் எங்கண்ணு போனது எதனாலன்னு எழுதல. நாஞ் சாகறதுக்குள்ள ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்."

மன்னிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் முகம் எனக்கு இல்லை. கிளம்பும்போது குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை, டூட்டிக்கு முன்னால் கீழ்த்தளத்துக்குப் போனேன். ரெஜினா மேடத்தின் நாற்காலியில் உட்காரத் தைரியம் வரவில்லை. நின்றுகொண்டே பொடி எழுத்தில் எழுதினேன். 'தட்டுகள் பத்து நிமிடம் மட்டுமே திறந்திருந்தன. நிர்வாகி போனில் சொல்ல, மூடியவள் நான். ஒரு மணி நேரம் என்று நான் எழுதியது பொய். இதே தியேட்டரில் ஆபரேஷன் செய்துகொண்ட ஹனூர் மாதப்பன் வலது கண்ணை இழந்தார். ரெஜினா மேரி சொன்னதே சரி.' அதை ஒட்டியே என் பெயர், கையெழுத்து, அன்றைய தேதி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, எந்த வாட்ஸ்அப் குழுவில் தரத்தின் தூண் சாய்ந்ததோ, அதே குழுவில் போட்டேன். இந்த முறை ஒருவரும் கைகூப்பவில்லை. ஒரு பிரதி மாதப்பன் அண்ணனுக்குத் தபாலில் போயிருக்கிறது. இந்தக் கட்டுரை அச்சாகும்போது எனக்கு வேலை இருக்குமா தெரியாது. விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். போவேன். பதிவேட்டோடு போவேன்.

ரெஜினா மேடம், நீங்கள் விட்ட இடம் எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றாவது வரியில் பாதி மிச்சமும் ஆனது. உங்கள் ஸ்கேல் மேஜைமேலேயே இருந்தது. அதை வைத்து மீதி இடத்தில் கோடு போட்டுவிட்டேன். இனி அங்கே யாரும் பொய் எழுத முடியாது. அஷ்டே.